பெரியமேட்டில் 14 ஷீல்டு செய்த கதை

சென்னையில் சின்னதாக ஒரு பாராட்டு விழா வைக்க நினைப்பவர்கள், ஷீல்டு எங்கே செய்வது, என்ன விலை, எதைக் கேட்டு வாங்குவது என்று தேடினால் கிடைப்பதெல்லாம் கடைக்காரர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட விளம்பரம்தான். அதனால் நாங்கள் பட்டதை எழுதி வைக்கிறேன். கடைப் பெயரைச் சொல்லப் போவதில்லை. தப்பு நடந்தது, அதில் பாதி என் தப்பு, பேரைப் போட்டு ஒருவர் பிழைப்பைக் கெடுக்க விருப்பமில்லை. தவிர, அந்த வரிசையில் வேறு எந்தக் கடைக்குப் போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

முதலில் எதற்கு ஷீல்டு என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருமுனைப் பூங்கா, செம்மொழிப் பூங்கா மாதிரி டிக்கெட் வாங்கிப் போகிற இடம் இல்லை. எட்டு வடிவத்தில் ஒரு நடைபாதை, இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம், நடுவில் பெரிய புங்கமரம், அவ்வளவுதான். காலையில் நடக்க வருகிற நாங்கள் ஐம்பது அறுபது பேர் சேர்ந்து வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறோம், அதில் பெரும்பாலும் குட்மார்னிங் படமும் கொசு மருந்து அடிக்கவில்லை என்ற புகாரும்தான் வரும். லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் சின்னப் பிள்ளைகள் மைக் இல்லாமல் உட்கார்ந்து பாடுகிற கச்சேரியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஒருவர், நம் பூங்காவிலும் ஞாயிற்றுக்கிழமை பறை வகுப்பு நடக்கிறதே, மூன்று வருஷமாக அவர் ஒரு பைசா வாங்காமல் சொல்லித் தருகிறாரே, அவருக்கு நாம் என்ன செய்தோம் என்று கேட்டார். உடனே இன்னொருவர், தண்ணீர் லாரி வராத வெயிலில் செடியைக் காப்பாற்றின தோட்டக்கார அம்மாக்களுக்கு என்ன செய்தோம் என்றார். கண்ணகி நகர் அடுக்குமாடிச் சுவர்களில் 2020 வாக்கில் பெரிய பெரிய முகங்களாக வரைந்தார்கள் இல்லையா, அதைப் பார்த்த ஆசையில் எங்கள் பூங்காவின் காம்பவுண்டுச் சுவர் முழுக்கத் தங்கள் காசில் பெயின்ட் வாங்கி வரைந்த கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் இருக்கிறார்கள், அவர்களையும் சேர்த்தோம். இப்படிச் சேர்த்துச் சேர்த்து முதலில் 11 பேர் ஆனது, அப்புறம் 14.

விருதுக்குப் பெயர் வைப்பதில் ஒரு வாரம் போயிற்று. மாவட்ட அளவில் கலைஞர்களுக்கு அரசு தருகிற விருதுகளுக்கு வயது வாரியாக அழகான பெயர்கள் உண்டு. 18 வயது வரை கலை இளமணி, 35 வரை கலை வளர்மணி, 50 வரை கலைச் சுடர்மணி, 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. அதைப் பார்த்து ஒருவர் 'பூங்காமணி' என்று சொல்ல, பூங்கா வாசலில் பஜ்ஜி போடுகிறவரின் வீட்டுக்காரம்மா பெயரே அதுதான் என்று தெரிந்து எல்லாரும் சிரித்து, கடைசியில் 'எங்கள் பூங்கா விருது' என்று மட்டும் போடுவதாக முடிவாயிற்று.

என்ன பொருள் கொடுப்பது என்பதுதான் உண்மையான சண்டை. ஊட்டி மலர்க் கண்காட்சியில் தோட்டங்களுக்குச் சுழற்கோப்பை கொடுப்பது போல ஒரு பெரிய கோப்பை வாங்கி வருஷா வருஷம் கைமாற்றலாம் என்று ஒரு யோசனை. பத்துக்குப் பத்து வாடகை அறையில் ஐந்து பேர் இருக்கிற வீட்டில் அதை வருஷம் முழுக்கக் கீறல் விழாமல் காப்பாற்றித் திருப்பித் தர வேண்டுமாம், அது விருதா தண்டனையா? தஞ்சாவூர் கலைத்தட்டு நல்ல யோசனைதான். பித்தளைத் தட்டின் மேல் வெள்ளியும் செம்புமாக உருவங்களைப் புடைப்பாகப் பதிக்கிற வேலை, புவிசார் குறியீடு வாங்கிய பொருள், அரசின் பூம்புகார் கைவினைப் பொருள் கடையில் கிடைக்கும். ஆனால் எங்களுக்குக் கட்டுப்படியாகிற சின்ன அளவில் வேலைப்பாடு சுமார்தான், நடுவில் பெரும்பாலும் சாமி உருவம் இருக்கும், எங்கள் 14 பேரில் எல்லாரும் ஒரே சாமி கும்பிடுகிறவர்கள் இல்லை. பணமாகவே கொடுத்துவிடலாம் என்று நான் சொன்னேன். கொடுக்கிறவர்கள் நாம் பேசிக்கொண்டிருந்தால் ஆகாது, வாங்குகிறவர்களைக் கேட்போம் என்று மூத்த தோட்டக்கார அம்மாவிடம் போய்க் கேட்டோம். ஹோஸ் பைப்பை மடித்துத் தண்ணீரை நிறுத்திவிட்டு அவர் சொன்னது இது: "காசு குடுத்தா வேண்டாம்னு சொல்ல மாட்டேன் சார். ஆனா பேரு போட்டு ஒண்ணு குடுங்க. எங்க வீட்ல எவர்சில்வர் குடத்துல பேரு வெட்டியிருக்கு, அது எங்க வீட்டுக்காரர் பேரு. தூக்குல வெட்டியிருக்கு, அது மொய் வெச்சவங்க பேரு."

அதற்கு மேல் பேச்சே இல்லை, பெரியமேட்டுக்குக் கிளம்பிவிட்டோம்.

நேரு ஸ்டேடியம் பக்கம் விளையாட்டுச் சாமான் கடைகள் வரிசையாக இருக்குமே, அங்கேயே கோப்பை, மெடல், ஷீல்டு கடைகளும் உண்டு. நாங்கள் போனது மாடிப்படிக்குக் கீழே ஒரு ஆள் மட்டும் நுழைகிற கடை, ஆனால் உள்ளே போகப் போக நீளம். முதலாளி பொறுமைசாலி. எதைக் கேட்டாலும் எடுத்துக் கையில் கொடுக்கிறார், கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுவதில்லை, இது எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் ஷீல்டு விஷயத்தில் கண்ணை விடக் கை நன்றாகக் கண்டுபிடிக்கும். தங்கமாக மின்னுகிற ஒரு கோப்பை, 180 ரூபாய், தூக்கினால் காற்று மாதிரி இருக்கிறது, பிளாஸ்டிக்கின் மேல் பூச்சு, கனத்துக்காக அடியில் ஒரு சின்னக் கல் துண்டு. ஆக்ரிலிக் 420, பார்க்கப் பளிச்சென்று இருக்கும், விரல் ரேகை அப்படியே படியும். பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் வண்டி வண்டியாகப் போகிற சமாச்சாரம் வேறு, மரம் மாதிரி தெரிகிற எம்.டி.எஃப். பலகையின் மேல் மஞ்சள் தகடு ஒட்டி அதில் அச்சடித்திருப்பார்கள், 300 ரூபாய். இந்த எம்.டி.எஃப். என்பது மரத்தை நார் நாராக்கிப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்த பலகை, ஈரம் பட்டால் உப்பிக்கொள்ளும். மழைக்கு ஒழுகுகிற ஓட்டு வீட்டில் அது எத்தனை நாள் தாங்கும்? தகட்டில் இருக்கிற அச்சும் வெயில் படுகிற இடத்தில் மாட்டினால் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துவிடும். என் பையன் பள்ளியில் வாங்கினதில் ஒன்று அப்படித்தான் இருக்கிறது, 'முதல் பரிசு' என்பதில் 'பரிசு' மட்டும் மிச்சம்.

நாங்கள் எடுத்தது நிஜ மரக்கட்டையில் பித்தளைத் தகடு பதித்தது. தேக்கு என்றார், தேக்கு இல்லை, சும்மா தலையாட்டினேன். எழுத்தை லேசரில் குழித்துக் கறுப்பு நிரப்பித் தருவார்கள். இங்கே ஒன்று தெரிந்துகொண்டேன். மரம், ஆக்ரிலிக் வெட்டுகிற லேசர் வேறு, உலோகத்தில் எழுதுகிற ஃபைபர் லேசர் வேறு. எல்லாக் கடையிலும் இரண்டாவது மிஷின் இருக்காது, இல்லாதவர்கள் வெளியே கொடுத்து வாங்கித் தருவார்கள், அதில் ஒரு நாள் போய்விடும். இந்தக் கடையில் பின்னாலேயே இருந்தது. ஒரே ஓட்டத்தில் விட்டால் மேலே கோடு மாதிரி மட்டும் விழும், நான்கைந்து தடவை ஓட்டினால்தான் விரலுக்குத் தட்டுப்படுகிற ஆழம் வரும், அதைச் சொல்லிச் செய்யச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் செய்ய மாட்டார்கள். வெல்வெட் பெட்டியோடு ஒன்று 620 ரூபாய். 14-க்கு 8,680. வீட்டுக்கு 200 என்று 60 வீட்டில் வசூலித்தது 12,000, மீதி துண்டுக்கும் டிபனுக்கும் சரியாக இருக்கும் என்று கணக்கு.

இனி எழுத்துக்கு வருவோம். இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நான் பெயர்களையும் வாசகத்தையும் அழகாக ஃபோனில் அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். டிசைன் போடுகிற தம்பி அதை அப்படியே எடுத்துத் தன் கம்ப்யூட்டரில் ஒட்டினார். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவில் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம். அந்தத் தம்பி வைத்திருந்தது டிசைன் போடுகிற பழைய கோரல்டிரா மென்பொருள், அதற்கு யூனிகோட் தமிழ், அதாவது ஃபோனில் நாம் அடிக்கிற தமிழ், தொண்டையில் இறங்காது. அதனால் அவர் பாமினி எழுத்துருவில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்திருக்கிற பழைய எழுத்துரு அது, மறுபடி அடிப்பார், இல்லையென்றால் மாற்றிக் கொடுக்கிற ஏதோ ஒரு தளத்தில் போட்டு மாற்றிக்கொள்வார். மாற்றும்போது 'ஸ்ரீ' போய்விடும், சில சமயம் 'ஷ' போய்விடும். யூனிகோடுதான் இனி தரம் என்று தமிழ்நாடு அரசு 2010-இல் ஆணை போட்டாயிற்று, கோவையில் செம்மொழி மாநாடு நடந்த அதே வருஷம், ஆனால் பெரியமேட்டில் இன்னும் பாமினி ஆட்சிதான். இதில் தம்பியைக் குறை சொல்ல எதுவுமில்லை, பிளெக்ஸ் கடை, பத்திரிகை அடிக்கிற கடை, ரப்பர் ஸ்டாம்ப் கடை எல்லா இடத்திலும் இதுதான் நிலைமை. 11 பெயரையும் பொறுமையாக அடித்து, படமாக எனக்கு அனுப்பி, நான் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, எழுத்தை எல்லாம் 'கர்வ்' பண்ணிப் பின்னால் அனுப்பினார். அதாவது எழுத்தை எழுத்தாக வைக்காமல் வெறும் கோடாக மாற்றிவிடுவது. அப்படி மாற்றாவிட்டால் லேசர் மிஷினோடு இருக்கிற இன்னொரு கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லாமல் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். நீங்கள் ஷீல்டு செய்தாலும் பேனர் செய்தாலும் "கர்வ் பண்ணியாச்சா தம்பி?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், விஷயம் தெரிந்த ஆள் என்று மரியாதையும் கிடைக்கும்.

அந்த 11-உம் பிழையில்லாமல் வந்தன. குழுவில் புதன்கிழமை இரவு இன்னும் மூன்று பேர் விட்டுப்போயிற்று என்று கண்டுபிடித்தார்கள் பாருங்கள், சனி பிடித்தது அங்கேதான். விட்டுப்போன மூவரில் ஒருவர் பறை ஆசிரியரே! எல்லாரும் அவரைத்தான் முதலில் சொன்னார்கள், ஆளுக்கு ஆள் அடுத்தவர் எழுதியிருப்பார் என்று விட்டிருக்கிறோம். நான் வேலைக்குப் போகிற அவசரத்தில், டிரெயினில் நின்றபடி, மூன்று பெயரையும் ஃபோனிலேயே சொல்லிவிட்டேன். தம்பி அன்று லீவு. லேசர் ஓட்டுகிறவரே காதில் விழுந்ததை நேராக அடித்திருக்கிறார். படம் வரவில்லை, நானும் கேட்கவில்லை.

வியாழன் தருவதாகச் சொன்னது சனிக்கிழமை மாலை கைக்கு வந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு விழா. வீட்டில் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பார்த்தால், பன்னிரண்டாவதில் 'பரை இசைக் கலைஞர்'. பதின்மூன்றாவதில் ஓய்வுபெற்ற ஒருவருக்கான 'கௌரவ விருது' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதிலாக ள போட்டுக் 'கெளரவ' என்று இருந்தது, ஃபோனில் படித்தால் கண்ணுக்குத் தெரியாது, கையகலத் தகட்டில் ள பூதம் மாதிரி நிற்கிறது. பதினான்காவது அந்த மூத்த அம்மாவுடன் வேலை பார்க்கிற இன்னொரு அம்மாவுடையது, பெயரில் இரண்டு சுழி ன வர வேண்டிய இடத்தில் மூன்று சுழி. சென்னையில் நாம் பேசுகிற பேச்சில் ர, ற என்ன வித்தியாசம், ன, ண என்ன வித்தியாசம், ஃபோனில் கேட்டவர் என்ன செய்வார்? எவர்சில்வர் பாத்திரக் கடையில் பெயர் வெட்டுகிறவர், எவ்வளவு கூட்டமாக இருந்தாலும், துண்டுச் சீட்டில் நம் கையால் எழுதி வாங்கிக்கொண்டுதான் மிஷினைத் தொடுவார். அந்தச் சீட்டு வழக்கம் ஏன் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

இரவு எட்டு மணிக்கு ஆட்டோ பிடித்துத் திரும்பப் போனேன். கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. இங்கே முதலாளிக்கு முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும், "நாளைக்கு வாங்க" என்று ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. ஆனால் முதல் பேச்சு பணம்தான். தகட்டுக்கு 150 வீதம் 450 ஆகும் என்றார், படம் அனுப்பாமல் அடித்தது உங்கள் தப்பு என்றேன், எழுதிக் கொடுக்காமல் ஃபோனில் சொன்னது உங்கள் தப்பு என்றார், இரண்டும் உண்மை. கடைசியில் 300-க்கு இறங்கினார். ஓட்டுகிறவர் வீட்டுக்குக் கிளம்பியவர் திரும்பி வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். இந்தத் தடவை நான் சீட்டில் எழுதிக் கொடுத்தேன், திரையில் வந்ததை எழுத்து எழுத்தாக விரல் வைத்துப் படித்தேன். பழைய தகட்டைக் கத்தியால் நெம்பி எடுத்ததில் ஒரு மரக்கட்டையின் ஓரம் லேசாகப் பெயர்ந்துவிட்டது, அதற்கு மாற்றுக் கட்டை கேட்டேன், ஸ்டாக் இல்லை என்று பாலிஷ் போட்டுக் கொடுத்தார். அந்த ஷீல்டு என்னுடைய மனக்கணக்கில் இன்னும் நிலுவைதான். பில்லும் அன்று தரவில்லை, செவ்வாய்க்கிழமை மூன்று தடவை ஃபோன் செய்த பிறகு வந்தது. பொதுப்பணத்தில் செய்கிறவர்கள் முதல் நாளே பில் கேட்டு வாங்கிவிடுங்கள், குழுவில் கணக்குக் கேட்கிற ஒருவர் கண்டிப்பாக இருப்பார்.

விழா நன்றாக நடந்தது. பறையைக் காய்ச்ச நெருப்பு வேண்டும், தோல் சூடேறினால்தான் நாதம் வரும், பூங்காவுக்குள் நெருப்பு மூட்டக் கூடாது என்று வாட்ச்மேன் கறாராக நின்றார். சரி என்று வாசலுக்கு வெளியே ஒரு பழைய இரும்புச் சட்டியை வைத்தார்கள். மூத்த அம்மா அன்று வேலை இல்லை, பட்டுச்சேலை கட்டி வந்திருந்தார், அப்படியே போய் அன்று காலை கூட்டி வைத்திருந்த புங்கஞ்சருகை இரண்டு கை அள்ளி வந்து போட்டார். பெயர் கூப்பிட்டு ஷீல்டைக் கொடுத்ததும் பெட்டியின் கொக்கி கழன்று கீழே விழுந்தது, வெல்வெட் பெட்டி விஷயத்தில் இந்தக் கடை சுமார்தான், 14-இல் மூன்று கொக்கி தொளதொள. அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மேடையிலிருந்து இறங்கி வந்து, தகட்டில் ஒவ்வொரு எழுத்தாக ஆள்காட்டி விரலை வைத்துத் தடவிக்கொண்டே போய், "எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது?" என்று பேரனிடம் கேட்டார். அவன் காட்டினான். அச்சடித்த தகடு வாங்காமல் குழித்த தகடு வாங்கியதற்காக என்னை நானே மனசுக்குள் பாராட்டிக்கொண்டேன், ஒன்றுக்கு 320 ரூபாய் கூடுதல் ஏன் என்று கேட்டவருக்கும் அதற்கு மேல் நான் விளக்கம் சொல்லவில்லை.

கடைக்கு மதிப்பெண் கேட்டால், பொருளுக்கு ஐந்துக்கு நான்கு, பெட்டிக்கு இரண்டு, நேரத்துக்கு இரண்டு, சனிக்கிழமை ராத்திரிக்கு ஐந்து. மறுபடியும் போவேனா என்றால் போவேன், ஆனால் விழாவுக்குப் பத்து நாள் முன்னால் போவேன், பெயர்களைக் கையால் எழுதின தாளோடு போவேன், ஃபோனில் ஒரு பெயரும் சொல்ல மாட்டேன். ஐந்து ஷீல்டுக்குள் வேண்டியவர்கள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை, பக்கத்துக் கடையில் ஆக்ரிலிக்கே போதும். பத்துக்கு மேல் என்றால் ஆட்டோ காசு கட்டுப்படியாகும். பேரம் பேசலாம், எங்களுக்கு 700-இலிருந்து 620 வரை வந்தது.

பிழையாக வந்த மூன்று தகடுகளையும் நான் கேட்டு வாங்கி வந்துவிட்டேன், பழைய இரும்புக்காரனுக்குப் பித்தளையாகப் போடலாம் என்று. பறை ஆசிரியர் ஒரு நாள் வீட்டுக்கு வந்தவர் ஜன்னல் திட்டில் கிடந்ததை எடுத்துப் பார்த்தார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "பரைன்னா பராசக்தி சார், தப்பா ஒண்ணும் போடல" என்றார். கிளம்பும்போது அந்தத் தகட்டைப் பையில் போட்டுக்கொண்டார், ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பிள்ளைகளுக்குச் சின்ன ர, பெரிய ற சொல்லிக்கொடுக்க வேண்டுமாம்.